தம்புராவின் காந்தாரம் கேட்கிறதா?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. திருச்சியில் வசிக்கிறேன். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய பழைய கச்சேரிகள் இருநூறுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மெதுவாக வைத்துக் கேட்பது வழக்கம். நடுநடுவே எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களும் உண்டு. எல்லா விமர்சனங்களிலும் கொண்டாடப்பட்ட ஒரு ஹெட்போனை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் வாரம் பிரமிப்பாக இருந்தது. இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. ‘ஸ’ வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம், காணாமலே போய்விட்டது. சில மாதங்களாக வலது காதில் ஒலி சற்று மங்கலாகவும் தோன்றுகிறது. சென்ஹைசர் எச்.டி. 800 எஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். ஒன்றரை லட்சம் வரை செலவழிக்க முடியும். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இருக்கும் குறை எதையும் அந்த ஒன்றரை லட்ச ரூபாய் தீர்க்காது. ஒன்றிரண்டைக் கூட்டவும் செய்யலாம். வலது காதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். நான் சொல்வதில் மற்ற எதை விட்டாலும் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, பிறர் பாடியதையும் வாசித்ததையும் கேட்டுச் சீர்செய்வதே என் தொழில். நல்ல ஹெட்போன் எது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்: எதைக் கேட்கிறீர்கள், எவ்வளவு சத்தமாகக் கேட்கிறீர்கள்? பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்திருக்காது. நீங்கள் இரண்டையும் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அந்த இரண்டு வரிகளில் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது.

முதல் வாரம் பிரமிப்பு, ஐந்தாவது வாரம் தலைவலி. இதற்குக் காரணம் உண்டு. 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ள உயர்ந்த ஒலிப் பகுதியைச் சற்றுத் தூக்கி வைத்த ஹெட்போனில் எல்லாம் புதிதாகக் கேட்கும். பாடகர் மூச்சை இழுப்பது, வயலின் வில் தந்தியில் உரசுவது, மிருதங்க விரலின் நுனி தோலில் படுவது என்று இதுவரை கேட்காத நுணுக்கமெல்லாம் வெளியே வந்து நிற்கும். பத்து நிமிடம் கேட்டுவிட்டு எழுதப்படும் விமர்சனங்களில் அது அபாரமான தெளிவு என்று பாராட்டப்படும். ஆனால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஆகியவற்றின் சீறல் இருப்பதும் அதே பகுதியில்தான். கேசட்டின் இரைச்சல் நம் காதில் உறைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழும். உங்கள் ஹெட்போன் பழுதானது என்று நான் நினைக்கவில்லை. இன்றைய சுத்தமான ஒலிப்பதிவுக்குப் பொருந்தும் ஒன்றை, பழைய கேசட்டுக்கு நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது தொப்பி. இதில் ஹெட்போனின் பங்கைவிட உங்கள் கேட்கும் பழக்கத்தின் பங்கு அதிகம். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மனிதக் காது மற்ற ஒலிகளைவிடத் தாழ்ந்த ஒலிகளையே வேகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டிய உண்மை இது. பகலில் உரக்க வைத்தால் சரியாகக் கேட்கும் தொப்பியின் கும்கி என்னும் கனத்த ஒலி, இரவு பத்தரை மணிக்கு மெதுவாக வைக்கும்போது பாதிக்குப் பாதி கரைந்துபோகும். அது கிட்டத்தட்ட நூறு ஹெர்ட்ஸை ஒட்டி வாழும் ஒலி. வலது பக்கமான வலந்தலையின் நாதம் அதற்கு மேலே இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. ஆக, மெதுவாகக் கேட்பவருக்குக் கீழ்ப்பகுதி, அதாவது தாழ்ந்த ஒலிகள், சற்றுத் தூக்கலாகவும், உயர்ந்த ஒலிகளின் மேல்பகுதி சற்று அடங்கியும் இருக்கும் ஹெட்போன் வேண்டும். விமர்சனம் எழுதுபவர்கள் உங்களைவிட உரக்க வைத்துத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சமநிலையாகப் படுவது உங்கள் அறையில் மெலிந்து ஒலிப்பதில் வியப்பில்லை.

விலை கூடினால் இது சரியாகுமா என்றால், ஆகாது. 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவைகளை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த ஒலிப்பகுதி தூக்கலாகவும் எது அடங்கியும் ஒலிக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. விலைக்குத் தக்கபடி நீடித்து உழைக்கும் தன்மை, பொருளின் தரம், அணியும் சுகம், நுணுக்கம் கூடலாம். உங்கள் காதுக்குப் பிடித்த ருசி கூடும் என்று உறுதி கிடையாது. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ் குழுவினர் பல ஆண்டுகள் செய்த சோதனைகளும் இந்த ருசியைப் பற்றியவையே. அவர்கள் வகுத்த ஓர் ஒலி வடிவம் நூற்றில் 64 பேருக்குப் பிடித்தது. 15 பேர் தாழ்ந்த ஒலியான பேஸ் இன்னும் அதிகமாக வேண்டும் என்றார்கள். 21 பேர் பேஸைக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்கச் சொன்னவர்களில் பெண்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் அதிகம். நீங்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தும் கீழ்ப்பகுதியைத் தேடுகிறீர்கள். வயதை வைத்தோ பெரும்பான்மையை வைத்தோ உங்களுக்கு ஒரு ஹெட்போனைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு நீங்களே உதாரணம்.

எனவே ஒரு ரூபாயும் செலவழிக்காமல் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கணினியில்தானே கேட்கிறீர்கள்? விண்டோஸ் கணினி என்றால் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளை (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க உதவுவதே ஈக்வலைசர்) நிறுவிக்கொள்ளுங்கள். வேறு கணினியாக இருந்தால், பாட்டு ஓட்டும் செயலியிலேயே ஈக்வலைசர் இருக்கிறதா என்று பாருங்கள். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் 4 டெசிபெல் குறையுங்கள். 100 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபெல் கூட்டுங்கள். கூட்டிய அளவுக்கு மொத்த ஒலியையும் 3 டெசிபெல் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி பிளவுபடும். ஒரு வாரம் இதிலிருந்து தொடங்கி, வழக்கமான நேரத்தில், வழக்கமான சத்தத்தில் கேளுங்கள். குத்தல் போய்விட்டதா, தொப்பி திரும்பிவிட்டதா? இன்னும் சற்றுக் குறைக்கத் தோன்றுகிறதா, அல்லது குறைத்தது அதிகமாகிவிட்டதா? ஒவ்வொரு நாளும் எண்ணைச் சற்று மாற்றிக் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் உங்கள் ருசி எண்களாக உங்கள் கையில் இருக்கும். அதோடு மனம் நிறைந்துவிட்டால் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் மனதாரச் சொல்கிறேன்: அது தோல்வி ஆகாது, 38,000 ரூபாய்ப் பொருள் இப்போதுதான் உங்களுடையதாகிறது.

ஈக்வலைசரைத் தொடுவது பாவம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கச்சேரி அரங்கில் ஒலியமைப்பாளர் அந்தக் குமிழைத் திருப்பித்தான் வைத்திருப்பார். ஒலிநாடாவை வெளியிட்ட நிறுவனமும் திருப்பித்தான் அனுப்பியிருக்கும். நீங்கள் திருப்பினால் மட்டும் இசையின் தூய்மை கெட்டுவிடாது.

அதற்குப் பிறகும் புதிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், என் பரிந்துரை சென்ஹைசர் எச்.டி. 650. 2003-இல் வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கும் பழைய மாதிரி. அதன் மூத்த சகோதரன் எச்.டி. 600 இன்னும் முந்தியது, 1997-ஐச் சேர்ந்தது. இரண்டும் மனிதக் குரலை அருமையாகக் கையாளும். 600 சற்று வெளிச்சமானது, அதாவது மேல்பகுதி தூக்கலானது. 650-இல் மேல்பகுதி ஒரு படி அடங்கியும், கீழே ஒரு படி கனமாகவும் இருக்கும். உங்கள் கேசட்டுகளுக்கும் இரவு நேரத்துக்கும் 650தான். 600-ஐ நான் விரும்புகிறேன்; ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இதற்கும் குறைகள் உண்டு. அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். இன்றைய திரையிசையின் அடிவயிற்று அதிர்வை அதில் எதிர்பார்க்க முடியாது. மிருதங்கத்துக்கும், எண்பதுகளின் பேஸ் கிட்டாருக்கும் அது இடைஞ்சல் செய்யாது. புதிதில் தலையை இறுக்கிப் பிடிக்கும். சில வாரங்களில் தளரும்.

எச்.டி. 800 எஸ் உயர்ந்த கருவி. அதைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. அரங்கின் அகலத்தை அதைப்போல் காட்டும் ஹெட்போன்கள் மிகச் சில. ஒரு பெரிய மேற்கத்திய இசைக்குழுவில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அதில் சுட்டிக்காட்டிவிடலாம். ஆனால் 2009-இல் வந்த முதல் எச்.டி. 800-இல் 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை இருந்தது. அதை அடக்கவே உள்ளே ஓர் ஒலியுறிஞ்சியை வைத்து ‘எஸ்’ வந்தது. அடக்கிய பிறகும் அது வெளிச்சமான ஹெட்போன்தான். உங்கள் கச்சேரிகளில் பெரும்பாலானவை இடது, வலது என்று பிரிக்காமல் ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிவானவையாக இருக்கும். இல்லாத அகலத்தைக் காட்ட எந்தக் கருவியாலும் முடியாது. இருக்கும் இரைச்சலை மட்டும் அது நன்றாகக் காட்டும்.

‘ஸ்டூடியோ தரம்’ என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். சோனியின் எம்.டி.ஆர். 7506 உலகம் முழுவதும் ஒலிப்பதிவுக் கூடங்களில் தொங்கும் ஹெட்போன். எங்கள் கூடத்திலும் இரண்டு இருக்கின்றன. அதில் மேல்பகுதி தூக்கலாக இருப்பது எங்களுக்கு வசதி. மைக்கில் எச்சில் பட்ட ஓசை, ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் உடனே அகப்பட்டுவிடும். குற்றம் கண்டுபிடிக்க மாட்டிக்கொள்வதை, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் பாட்டு கேட்கிறேன்.

பிளேனார் வகை ஹெட்போனும் உங்கள் கண்ணில் படும். மெல்லிய படலம் முழுதும் காந்தப் புலத்தில் ஒன்றாக அசைவதால் தாழ்ந்த ஒலிகள் அடிவரை இறங்கும். தொப்பி அதில் அழகாக இருக்கும். ஆனால் எடையைப் பாருங்கள். எச்.டி. 650 சுமார் 260 கிராம். ஆடிஸியின் எல்.சி.டி. எக்ஸ் 600 கிராமைத் தாண்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரியை அதைத் தலையில் சுமந்து கேட்கக் கழுத்து ஒத்துழைக்குமா என்று கடையிலேயே அரை மணி நேரம் அணிந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது விமர்சனங்கள் பேசாத ஒரு விஷயம்: உங்கள் மின்விசிறி. 650 திறந்த வகை. உள் ஒலி வெளியே போகும், வெளி ஒலி உள்ளே வரும். திருச்சிக் கோடையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், அதன் இரைச்சல் முதலில் விழுங்குவது தொப்பியையும் தம்புராவையும்தான். உடனே கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். கேசட் இரைச்சலும் சேர்ந்து கூடும். விசிறியை இரண்டில் வைக்க முடிந்தால் திறந்த வகையே நல்லது. முடியாது என்றால் மூடிய வகைக்குப் போகலாம். ஆனால் அந்த வகையில் நான் கேட்டவற்றில் பல, மேல்பகுதியைத் தூக்கியவை. அங்கே இன்னும் கவனம் தேவை. வியர்வையும் உண்டு. செயற்கைத் தோல் மெத்தை நம் புழுக்கத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் உரிந்து காதில் கறுப்புத் துகளாக ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெல்வெட் போன்ற துணி மெத்தை வியர்வையைத் தாங்கும், மாற்று மெத்தையும் கிடைக்கும். 650-இன் சிறப்புகளில் இதுவும் ஒன்று: கேபிள், மெத்தை, தலைப்பட்டையின் பஞ்சு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். இந்திய உத்தரவாதம் உள்ள கடையில் வாங்குங்கள்.

ஆம்பிளிஃபயர் பற்றிச் சுருக்கமாக. 650-இன் மின்மறுப்பு 300 ஓம். அதை ஓட்ட மின்னழுத்தம் வேண்டும். மடிக்கணினியின் துளையில் நேராகச் செருகினால் சில கணினிகளில் ஒலி போதாது. நீங்கள் மெதுவாகக் கேட்பவர் என்பதால் பெரிய பெட்டி எதுவும் தேவையில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் நல்ல சிறிய டி.ஏ.சி. (கணினியின் எண்களை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் கருவி) ஒன்று பத்தாயிரத்துக்குள் போதும். அதற்கு மேல் கேபிளுக்கும் ஆம்பிளிஃபயருக்கும் செலவழிக்கச் சொல்பவரிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் கேசட்டுகளை நல்ல டெக்கில், நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, அதன் கோணத்தைச் சரிபார்த்து மீண்டும் ஒருமுறை மாற்றினால் கிடைக்கும் தெளிவு எந்த ஹெட்போனிலும் கிடைக்காது. இதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்கிறேன்.

கடையில் எதை வைத்துக் கேட்பது? அவர்கள் போட்டுக் காட்டும் பாட்டு வேண்டாம். அது கருவிக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு. உங்கள் சேகரிப்பிலிருந்து மூன்றை எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பிடித்த, இரைச்சல் அதிகமுள்ள ஒரு பழைய கச்சேரி. சாகித்யத்தில் ‘ச’, ‘ஸ’ நிறைய வரும் ஒரு பெண் குரல். மூன்றாவதாக, பாட்டு தொடங்குமுன் தம்புரா மட்டும் அரை நிமிடமாவது ஒலிக்கும் ஒரு பதிவு.

இந்த மூன்றாவதுதான் என் சோதனை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்குச் சேர்த்த தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தி, அதாவது கீழ் ‘ஸ’ தரும் தந்தி, சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம், ‘க’ ஸ்வரம், தானாக எழும். அது ஐந்தாவது மேற்சுரம், அதாவது தந்தியின் அடிப்படை அதிர்வைப்போல் ஐந்து மடங்கு. சுமார் 327 ஹெர்ட்ஸ். தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாவைச் சரியான இடத்தில் நகர்த்தினால், அதற்கும் மேலே பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை அந்த மினுமினுப்பு ஏறிக்கொண்டே போகும். சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது இதை ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு (அசையாமல் நிற்கும் இடம்) விழும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பொது விதி. தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையும் நூலும் உள்ள தம்புரா அந்த விதியை மீறுகிறது என்று காட்டினார். ஒரே கருவியில் அடி முதல் நுனி வரை எல்லாம் இருப்பதால் தம்புராவைப்போல் ஹெட்போனைக் காட்டிக்கொடுக்கும் கருவி வேறில்லை. கண்ணை மூடிக் கேளுங்கள். காந்தாரம் தேடாமலே வந்து நிற்கிறதா? மந்தர ஸட்ஜம் அடியில் தரைபோல் விரிகிறதா? மினுமினுப்பு நாதத்தோடு ஒட்டியிருக்கிறதா, அல்லது தகரத்தில் கம்பி உரசுவதுபோல் தனியே பிரிந்து நிற்கிறதா? பிரிந்து நின்றால், விலை எதுவானாலும் அதைக் கீழே வையுங்கள்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒரு சிறு அளவு உரக்க இருப்பதுகூட, காதுக்கு உரத்தது என்று தோன்றாமல் நல்லது என்றே தோன்றும். மாற்றி மாற்றி ஓட வேண்டாம். ஒன்றை இருபது நிமிடம், நீங்கள் இரவில் வைக்கும் சத்தத்தில் கேளுங்கள். கழற்றும்போது தோள் இறங்கி இருக்கிறதா, நெற்றி சுருங்கி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இனி வலது காது. இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். ஒற்றைத் தடப் பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு ஹெட்போனைத் திருப்பி, வலது பக்கத்தை இடது காதிலும், இடது பக்கத்தை வலது காதிலும் மாட்டுங்கள். மங்கல் இடது காதுக்கு மாறினால் குறை கருவியில் இருக்கிறது; உத்தரவாதத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மங்கல் வலது காதிலேயே நின்றால் குறை காதில் இருக்கிறது. வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். இரு காதிலும் மெல்ல மேல்பகுதி குறைவது வயதின் இயல்பு. ஒரு காது மட்டும் மங்குவது மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று. எப்போதாவது திடீரென்று ஒரு காது மந்தமானால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். மங்கிய காதுக்கு ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். உங்கள் மெதுவான பழக்கம் உங்கள் காதுக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆடியோகிராமின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வாரம் குறித்து வைத்த ஈக்வலைசர் எண்களையும் சேர்த்து அனுப்பினால், 650தானா, வேறொன்றா என்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.